கைப்பக்குவம்

தண்ணி வேண்டாமா? வேண்டாம்னுதான் சொல்லுவீங்க. வீட்டுக்கு வந்தவங்களக் கேக்கணும்ல, அதுக்காகக் கேட்டேன். போன தடவையும் டம்ளர் வெச்சது வெச்சபடி இருந்துச்சு. கீழ இறங்கினதும் பையிலேருந்து உங்க பாட்டில எடுத்து மடக்கு மடக்குன்னு குடிச்சீங்க. ஜன்னல்லேருந்து பாத்துட்டுதான் இருந்தேன். பரவால்ல, அது காய்ச்சின தண்ணிதான். ஆனா டம்ளரக் கழுவினது என் கையாச்சே.

உக்காருங்க. அந்த நாற்காலில சாயாதீங்க, பின்னங்கால் கொஞ்சம் ஆட்டம். டப்பாவ மேசை மேல வைக்காதீங்கம்மா, அங்க உக்காந்துதான் சாப்பிடறோம். கீழ வைங்க. காலி டப்பாதான், எனக்கும் கண்ணு தெரியுது. காலியா இருந்தாலும் எதுக்கு வந்த டப்பான்னு தெரியும்ல.

உங்களப் பாத்தா எனக்குப் பாவமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு. இவ்வளவு படிச்சுட்டு, நல்லா உடுத்திக்கிட்டு, ஒருத்தி வெளிக்குப் போறத டப்பால வாங்கிட்டுப் போக மாடி ஏறி மாடி ஏறி வர்றீங்க. வீட்ல என்ன வேலைன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? சுகாதாரத் துறை. ஆமா, கேக்க நல்லாத்தான் இருக்கு.

மொத தடவ எடுத்துட்டுப் போய் ஒண்ணுமில்லன்னீங்க. சந்தோஷம்னு அதோட விட்டிருக்கலாம். விடல. ரெண்டாவது வந்தீங்க, அதுல என்னமோ இருக்குன்னீங்க. இப்ப உறுதி பண்ணணும்னு மூணாவது. உங்க கிருமி என்ன, ஒரு நாள் வேலைக்கு வரும், ஒரு நாள் மட்டம் போடுமா? ஆமாங்கறீங்க. சரிதான், எங்க பேக்டரி ஆளுங்க மாதிரிதான் அதுவும்.

இல்லம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். கிருமி இருந்தா காய்ச்சல் வரணுமா இல்லியா? எனக்கு வந்ததே இல்லியே. எப்பவோ ஒருவாட்டி உடம்பு கணகணன்னு இருந்துச்சு, மாத்திரையப் போட்டுட்டு கேண்டீன் அடுப்பு முன்னாடி நின்னேன், போயிடுச்சு. அவ்வளவுதான். அந்த பேக்டரில எனக்குத்தான் ஒடம்பு இரும்பு. மத்ததெல்லாம் தகரம்.

நம்பலன்னா கேளுங்க. கணக்கு எழுதறவர் இருக்காரே, அவருக்கு வருஷத்துக்கு நாலு தரம் தொண்டைல சீழ் கட்டும். டாக்டர் மாத்திரை குடுப்பாரு. ரெண்டு வேளை போட்டதும் வலி கொறையும், மிச்சத்த மேசை டிராயர்ல போட்டுடுவாரு. திரும்ப வரும். டிராயர்ல இருக்கற பழசுல ரெண்டு எடுத்துப் போடுவாரு. இப்ப எந்த மாத்திரையும் அவர்கிட்ட பலிக்கறதில்லயாம். கணக்குல புலி, தொண்டை விஷயத்துல எலி.

வெல்டிங் பண்ற ஆளுக்குக் கணுக்கால்ல தகடு கிழிச்சுடுச்சு. கழுவினாரா? கிரீஸத் தடவினாரு. மெஷினுக்கு நல்லதுன்னா மனுஷனுக்கும் நல்லதாம். ரெண்டாம் நாள் சிவப்பா ஒரு கோடு தொடைக்கு ஏறிப் போகுது, காலு தூண் மாதிரி வீங்கிப் போய் வந்து நிக்கறாரு. ஸ்டோர் பாக்கற அம்மா இன்னொரு ரகம். அங்க இருக்கற கக்கூஸுக்குக் கதவு சரியில்லன்னு காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கி வெச்சுப்பாங்க. அதுக்குத் தோதா தண்ணியும் குடிக்க மாட்டாங்க. அப்புறம் எரியுது, குளிருதுன்னு போர்வையப் போத்திக்கிட்டு ஆஸ்பத்திரி. மேனேஜர் கதவு போட்டுத் தந்தாரா? வாசனை வர்ற உருண்டை ஒண்ணு வாங்கி மாட்டினாரு.

வாட்ச்மேன் பேச்சே எடுக்காதீங்க. அந்த இருமல் இருமறாரு, துண்டுல சிவப்பாத் துப்பறாரு, கேட்டா பேக்டரி புகைங்கறாரு. நான்தான் கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறையா சளிப் பரிசோதனைக்கு அனுப்பி வெச்சேன். டி.பி.தான். இப்ப என்னப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கறாரு. திருப்பிக்கட்டும், அந்தப் பக்கமா இருமுவாருல்ல.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சுப் பேசாதீங்கம்மா. அன்னிக்குப் பால் பாயசம் சாப்பிட்டுட்டு ஷிப்டு முடியறதுக்குள்ள அத்தனை பேரும் வரிசையா வாந்தி எடுத்தாங்களே, யார் கண்டுபிடிச்சா? உங்க ஆபீஸா? நான். பாத்திரம் தேய்க்கறவ விரல்ல நகச்சுத்தி. சீழ் வெச்ச விரலோட ஆறின பாயசத்த எடுத்து எடுத்து ஊத்தியிருக்கா. அன்னிக்கே வெளிய அனுப்பிட்டேன். அழுதா. அக்கா, தெரியாமப் பண்ணிட்டேன், புள்ளைங்க இருக்குன்னு கால்ல விழுந்தா. தெரியாம பண்ணினா விஷம் விஷம் இல்லியான்னு கேட்டேன். ஆமா, அப்படித்தான் கேட்டேன். எல்லாரும் பாத்துட்டுதான் இருந்தாங்க.

அது வேற, இது வேறங்க. அவ விரல்ல கண்ணுக்குத் தெரிஞ்சுது. என் கைல எங்க இருக்கு? பாருங்க. நல்லாப் பாருங்க. ஒரு வெட்டு, ஒரு சிரங்கு உண்டா? நகத்த ஒட்ட வெட்டியிருக்கேன். மோதிரம்கூட போட மாட்டேன்.

சோப்பா? இதக் கேட்டீங்களே, இதப் போய் மேனேஜர்கிட்ட கேளுங்க. கக்கூஸ்ல சோப்பு வெச்சா காணாமப் போகுதுன்னு வைக்கறதையே நிறுத்திட்டாரு. ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடற எடத்துல சோப்பு கெடையாது, ஆனா சுத்தம் காப்போம்னு போர்டு உண்டு. அதுல எழுத்துப்பிழை வேற. வெறும் தண்ணில கழுவிட்டு, தலப்புல தொடச்சுட்டுத்தான் ஓடணும். உலை கொதிச்சுட்டிருக்கும்ல, யாரு நிக்கறது?

ஆனா கொதிச்சதுல ஒண்ணும் இருக்காதுன்னு நீங்களே சொன்னீங்க. சொன்னீங்களா இல்லியா? சோறு, குழம்பு எதுலயும் இல்ல. அந்தத் தயிர்ப் பச்சடிலதான்னு கண்டுபிடிச்சீங்க. வெள்ளரிக்கா, வெங்காயம், உப்பு, தயிர். அதக் கடைசியா நான்தான் கையால பிசறுவேன். வேற யாரையும் விட மாட்டேன். கரண்டியப் போட்டுக் கிண்டினா வெள்ளரிக்கா தண்ணி விட்டுக்கும், உப்பு ஒரு பக்கமா நிக்கும். உள்ளங்கைல வழிச்சு நாக்குல வெச்சுப் பாத்தாத்தான் எனக்கு அளவு தெரியும்.

மேனேஜர் ஒரு வாட்டி கையுறை வாங்கிட்டு வந்தாரு, எதுக்கு மறைக்கணும். பலூனுக்குள்ள கைய விட்ட மாதிரி இருந்துச்சு. போட்டுத்தான் பிசறினேன். அன்னிக்கு சாப்பிட வந்த அத்தனை பயலும் தட்ட அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சுட்டாங்க. ருசியில்லயாம். என்ன அக்கா, இன்னிக்கு உங்க கைப்பக்குவம் எங்க போச்சு, வேற யாராவது செஞ்சாங்களான்னு கேக்கறாங்க. மறுநாள் கையுறையக் கழட்டிட்டுப் பிசறினேன், தட்ட நக்காத குறை. கையுறையெல்லாம் இப்ப மேனேஜர் வண்டி தொடைக்க ஆகுது. அவங்களாத்தானம்மா கேட்டாங்க. கை பட்டாத்தான் ருசின்னு கேட்டு வாங்கித் தின்னாங்க. இப்ப என் கையப் பாத்து மூக்கப் பொத்தினா என்ன நியாயம்?

அந்த லேத்து மெஷின் ஓட்டறவரா? தெரியும். எப்பவும் ரெண்டாம் வாட்டி பச்சடி கேக்கற ஆளு. மொதல்ல தலைவலின்னாரு. அப்புறம் காய்ச்சல், நாளுக்கு நாள் ஒரு படி ஏறிக்கிட்டே போச்சாம். எறங்கவேயில்ல. அப்படியே வேலைக்கும் வந்தாரு பாருங்க, அந்தப் புத்திசாலி. மருந்துக்கடைல என்னமோ ரெண்டு வாங்கிப் போட்டுக்கிட்டு மூணாவது வாரம் வரைக்கும் ஓட்டிட்டாரு. வயிறு கல்லாப் போய் விழுந்தப்புறம் தூக்கிட்டு ஓடினாங்க. குடல்ல ஓட்டையாம். ஆபரேஷன் பண்ணியும் இன்னும் கண்ணத் தொறக்கல. நீங்க அதுக்குத்தான் இவ்வளவு அவசரப்படறீங்க, புரியுது. அடுத்தது யாருன்னு பாக்கறீங்க.

அவர் பொண்டாட்டி நேத்து இங்க வந்துச்சு. இதே நாற்காலில உக்காந்து அழுதுச்சு. அக்கா, அவரு கண்ணு முழிச்சா மொதல்ல உங்க கை சாப்பாட்டத்தான் கேப்பாரு, டாக்டர் கஞ்சி குடுக்கலாம்னா நீங்க வந்து வெச்சுக் குடுக்கணும்னு கெஞ்சுது. உன் புருஷனுக்கு நீ வெச்சுக் குடு, எனக்கு வேற வேலை இல்லியான்னு வெரட்டி விட்டேன். படி எறங்கறப்ப திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போச்சு. என்ன ஈரமில்லாத பொம்பளைன்னு நெனச்சிருக்கும்.

ஏன் போகலன்னு கேக்கறீங்களா. போகல, அவ்வளவுதான். போகத் தோணல.

பித்தப்பையா? போன தடவையே கேட்டீங்க. எண்ணெய் அதிகமாச் சாப்பிட்டா வலது பக்கம் விலாவுக்குக் கீழ இழுக்கும், முதுகு வரைக்கும் போகும். கல்லு இருக்குன்னு ஒரு டாக்டர் சொன்னாரு. இருக்கட்டும், அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கட்டும்னு விட்டுட்டேன். அந்தக் கிருமி அதுக்குள்ளதான் வருஷக்கணக்கா குடியிருக்குங்கறீங்க. எத்தன வருஷமா இருக்கும்? சும்மா ஒரு கணக்குக்குக் கேக்கறேன். பத்து வருஷம் இருக்க முடியுமா? அதுக்கு மேலயும் இருக்குமா?

சரி.

இல்லம்மா, ஒண்ணுமில்ல. வேர்க்குது, அவ்வளவுதான். இந்த வீட்டுல மத்தியானத்துக்கு மேல காத்தே வராது. பெரியவ ஃபேன் வாங்கணும் வாங்கணும்னு சொல்லிட்டே இருக்கா. துணிக்கடைல வேலை அவளுக்கு, நாளெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கணும். பெரியவன்னா சின்னவ எங்கன்னு பாக்கறீங்களா. நீங்க எல்லாத்தையும் கேட்டுத்தான் ஆகணுமா?

வேலை போயிடும்னு நான் பயப்படறேன்னு நெனச்சீங்கல்ல. மேனேஜரும் அப்படித்தான் நெனச்சாரு. கொஞ்ச நாள் லீவுல இருங்க, சம்பளம் உண்டுன்னு என்னமோ தானம் பண்ற மாதிரி சொன்னாரு. போகுது கழுத. தரை தொடைச்சாவது பொழைப்பேன். மருந்து சாப்பிடணும்னா சாப்பிடறேன், அந்தப் பைய வெட்டி எடுக்கணும்னா எடுத்துக்கோங்க, யாருக்கு வேணும் அது.

சின்னவ காய்ச்சல்லதான் போனா. ஆறு வயசு. இதே காய்ச்சல்தாம்மா, ஒவ்வொரு படியா ஏறினது. டைபாய்டுன்னு அப்பவே சொன்னாங்க. பன்னெண்டு வருஷம் ஆகுது. தெருக்குழாய்த் தண்ணில சாக்கடை கலந்துடுச்சுன்னு நான் சொன்னேன். வேற எங்கேருந்து வரும், நான் என் புள்ளைக்கு வெளிய ஒரு மிட்டாய்கூட வாங்கித் தந்ததில்ல. குடிநீர் ஆபீஸ் வாசல்ல போய் நின்னு மண்ண வாரித் தூத்தினேன். அங்க குழாய் பாக்கற மேஸ்திரி ஒருத்தரு, வயசானவரு. தண்ணியச் சோதிச்சுட்டோம்மா, அதுல ஒண்ணுமில்லம்மான்னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. உன் வம்சம் வெளங்காதுன்னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டு வந்தேன். அவரு குனிஞ்ச தலையோட உள்ள போயிட்டாரு.

கரண்டில குடுத்தா துப்பிடுவா. நான் கையால பிசைஞ்சு ஊட்டினாத்தான் முழுங்குவா. காய்ச்சல்லயும் அப்படித்தான். காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான்.

இப்பப் புரியுதா நான் ஏன் இவ்வளவு பேசினேன்னு? நீங்க இந்த டப்பாவ எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் கழிச்சு வந்து இருக்குதும்மான்னு சொல்லுவீங்க. உங்களுக்கு அதோட வேலை முடிஞ்சுது. எனக்கு அதக் கேக்கற தெம்பு இல்ல. பயமா இருக்கு.

அழாதீங்க. நீங்க எதுக்கு அழறீங்க, சின்னப் பொண்ணு. டப்பாவ அங்கயே வெச்சுட்டுப் போங்க. லேத்துக்காரரு பொண்டாட்டி மொகம் ராத்திரி பூரா கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. காலைல வாங்க, தரேன். மூடிய இறுக்கி மூடி வெக்கறேன்.

கெளம்புங்க, பெரியவ வர்ற நேரமாச்சு. இல்லம்மா, சமைக்கல. நீங்க ரெண்டாவது தடவ வந்துட்டுப் போன அன்னிலேருந்து அவளுக்குக் கடைலதான் வாங்கித் தரேன். கேஸ் தீந்துபோச்சுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.