மீன் பையும் ஓட்டப் பந்தயமும்

புது ஷூ வாங்கிய தெம்பில் முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வரை ஓடிவிட்டேன். திரும்பி வருவதற்கும் அதே தூரம் உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆகவே டெம்போவில் ஏறினேன். எதிரே இரண்டு பேர் வேர்வையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் மீன் பை.

“நாளைக்குப் புரட்டாசி பொறக்குது. இனிமே எப்பிடிடா ஓடுறது?” என்றார் மீன் பைக்காரர்.

“புரட்டாசியில ஓடக் கூடாதா?”

“தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போறேன்னு சொல்லித்தான தெனம் கெளம்புறேன். ஒரு மாசம் வீட்டுல மீனே கெடையாது. பொண்டாட்டிகிட்ட எங்க போறேன்னு சொல்றது?”

“ஓடப் போறேன்னு சொல்லேன்.”

“அவ அண்ணன் ஓடும்போதுதான் நெஞ்சப் புடிச்சிட்டு வுழுந்தாரு. அதனாலதான ஷூவ உன் வீட்டுல வெக்கிறேன்.”

“அடுத்த மாசம் பந்தயம். பேரு குடுத்துட்டமே.”

“அதான்டா.”

இருவரும் மீனைப் பார்த்தபடி இருந்தார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கோயிலுக்குப் போறேன்னு சொல்லுங்களேன் சார். புரட்டாசிதானே.”

“அவளும் கூட வருவா.”