அழாத பிள்ளைக்கு ஒரு மாத்திரை

நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் அவைத்தலைவர் அற்புதசாமி ஐயா அவர்களே! தென்னூர்ப் பெரியோர்களே! இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வந்து குவிந்திருக்கும் என் தாய்க்குலமே! குழந்தை மருத்துவரான என் கைகூப்பிய வணக்கம்.

சென்ற ஆண்டு, எண்பத்தாறில், முசிறியிலிருந்து லூர்துராணி என்ற இளம்தாய் தடுப்பூசி போட வந்தாள். மடியில் இரண்டு மாதப் பெண் குழந்தை ரோசரி. அழவே அழாதாம், பாலுக்கும் எழுப்ப வேண்டுமாம், இதல்லவா சமத்துப் பிள்ளை என்று தெருவே மெச்சியதாம். ஊசி குத்தினேன், முனகியதோடு சரி. எனக்குப் பகீரென்றது. அதுவா சமத்து? இல்லை தாய்மார்களே, இல்லை! சோதித்தோம். தைராய்டு சுரக்கவில்லை.

கழுத்தின் முன்னே இருக்கும் சின்னஞ்சிறு சுரப்பி அது. அதன் சுரப்பு இரத்தத்தில் ஏறி, உயிரணுவுக்குள் நுழைந்து, உட்கருவுக்கே போகிறது. அங்கே மரபணுவின் மேல் ஒரு புரதம் அதற்காகவே காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் எந்த மரபணு எழ வேண்டும், எது அடங்க வேண்டும் என்பது முடிவாகிறது. எழுந்த மரபணுவின் சொற்படி புதுப் புரதங்கள் பிறக்கின்றன. மூளை வளர அது வேண்டும்! எலும்பு நீள அது வேண்டும்! உடம்பில் சூடு நிற்க அது வேண்டும்! ரோசரிக்கு மரபணுக்கள் இருந்தன. எழுப்பத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளைச் சின்ன மாத்திரையாகக் கொடுத்தேன். என்னம்மா? மாத்திரை சூடு பண்ணாதா என்கிறீர்களா? உடம்பு சில்லிட்டுக் கிடந்த பிள்ளைக்குத்தானே அம்மா கொடுத்தேன்!

எட்டாம் நாள் லூர்துராணி வந்து நின்றாள்.

"ஒன்னும் மாறலைங்க டாக்டர். நிறுத்திட்டேன்."

நான் கோபக்காரி, கத்திவிட்டேன். பிறகு வெட்கப்பட்டேன். ஏன் தாமதம் என்று நான் அவளுக்குச் சொல்லவே இல்லையே! உலை வைத்ததும் சோறு கேட்கலாமா? மரபணு எழ வேண்டும், புரதம் உருவாக வேண்டும், அதைக் கொண்டு உடம்பு தன்னைக் கட்ட வேண்டும். நாளாகும். ஆனால் மூளை வளரும் பருவம் நமக்காக நிற்காது. இத்தனையும் சொன்னேன். என் எதிரிலேயே மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுத்தாள்.

அடுத்த மாதம் தலை கலைந்து, சேலை கசங்கி வந்தாள்.

"முசிறியிலேர்ந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரோசரி பஸ்ஸுல கத்திக்கிட்டே வந்தாளுங்க. கண்டக்டர் திட்டுறாரு, பக்கத்துல உக்காந்தவங்க திட்டுறாங்க. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலைங்க."

நானும் சிரித்தேன், அழுதேன். இழந்த இரண்டு மாதம் முழுதும் ஈடாகுமா? சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இன்று ரோசரி நடக்கிறாள், அம்மா என்கிறாள், கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் புரள்கிறாள்!

அழாத பிள்ளையை மெச்சாதீர்கள். தூக்கி வாருங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், என் பேச்சுக்கு நடுவே வீறிட்டு அழுத ஆறு குழந்தைகளுக்கும் என் மனமார்ந்த நன்றி. வணக்கம்.