பப்பாசிக்குக் குளவி

சண்டை முடிந்த அடுத்த வருடம், புளியந்தீவிலிருந்து ஆரையம்பதிக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி இதைக் கேட்டேன். எனக்கு முன்னால் இருந்த விவசாய உத்தியோகத்தர் பெண், மடியில் ஈரத்துணி சுற்றிய போத்தலொன்றை வைத்திருந்தாள்.

“நானா, இதில சாஞ்சிராதீங்க. உள்ளுக்குக் குளவி இரிக்கி.”

பக்கத்தில் இருந்த காத்தான்குடிக்காரர் எழும்பிவிட்டார்.

“கடிக்காது. எறும்பவிடச் சின்னன். பப்பாசியில மாப் பூசினமாதிரி வெள்ளப் பூச்சி அப்பியிரிக்கெல்லோ, அதுக்குள்ளயே முட்டையிட்டு அதச் சாக்காட்டும். எங்கட ஊர் ஆரையம்பதியில விடப் போறன்.”

அவர் மெல்லத் திரும்ப இருந்தார். “சுனாமியில வீடு போய், புது வளவுக்கு வந்த உடன மகள் நட்ட பப்பாசி ஒண்டு நிக்கிது தங்கச்சி. எல்லாம் வெள்ள. நாளைக்கு வெட்டத்தான் இரிந்தன்.”

“வெட்டிராதீங்க. கொஞ்சம் பொறுங்க.”

“அப்ப எனக்கும் ரெண்டு தாங்களன்.”

“தேவயில்ல நானா. எங்கட ஊரில பெருகினா, பக்கத்து ஊர்தானே, தானா உங்கட வளவுக்கு வரும்.”

அவர் சிரித்தார். “சண்டைக்குள்ள தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் எண்டு நம்மட ரெண்டு ஊராக்களும் அங்கிட்டு இங்கிட்டுப் போகப் பயந்து கிடந்த காலமும் இரிந்திச்சி. வரட்டும். மரத்த வெட்டாம வெச்சிரிக்கன்.”

காத்தான்குடியில் இறங்கும்போது சாரதியிடம் குனிந்து சொன்னார்:

“தம்பி, மெதுவா ஓட்டுங்க. பின்னுக்குப் புள்ளத்தாச்சிக் குளவியள் வருது.”