எனக்கு இன்னா பாடுவ, காசம்மா?

உசுரோட உக்காந்திருக்கற பொம்பளைக்கு எப்பிடிம்மா ஒப்பாரி பாடறது, என் வாய் வெந்துபூடும், பாட மாட்டேன்னு காலையிலேருந்து அதையே சொல்லிகினு இருக்க. வேகாது காசம்மா, உக்காரு. குருவிநத்தத்துல எந்த வூட்ல எழவு வுழுந்தாலும் பாட உன்னத்தான் கூப்புடறாங்க. எனக்கும் நீதான் பாடப்போற. இன்னா பாடுவன்னு கேக்கறேன், அது ஒரு குத்தமா?

எல்லாருக்கும் பாடறதத்தான் பாடுவியா? அதாண்டி எனக்கு ஆவல. போன மாசம் எங்க ஓரகத்தி கனகாம்பா செத்தப்ப இன்னா பாடின? வந்தவங்களுக்கெல்லாம் வாழையெல போட்ட மவராசின்னு. மோரு கேட்டு வந்தவள வாசல்லியே நிக்க வெச்சு, பூனை குடிச்சுடுச்சின்னு அனுப்பினவடி அவ! அழுவ வேண்டிய எடத்துல எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. முந்தானைய வாயில அடைச்சுகினு உக்காந்திருந்தேன். நீயும் பாத்த. பாக்கலன்னு சொல்லாத.

அந்த மாதிரி எனக்கும் பாடிடாத. சாந்த சொரூபின்னு பாடினியோ, பாடையிலேருந்து எழுந்து உக்காருவேன். புதுச்சேரி கன்னியாஸ்திரி மடத்துல படிச்சப்ப, வருசக் கடைசியில ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒத்த வார்த்த சொல்லுவாங்க. எனக்குச் சொன்னது பவார்த். வாயாடின்னு அர்த்தம். பிரெஞ்சுல கேக்கறப்ப கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு, அவ்ளோதான். எங்க வூட்டுக்காரரக் கேட்டா அதுகூட வராது. நல்லவதான், கொழம்புலதான் உப்பு கூடன்னுவாரு. இத்தினி வருசம் குடும்பம் நடத்தினதுக்கு உப்புதான் மிச்சம்.

சரி, நானே சொல்றேன், கேட்டுக்கோ. தையலம்மான்னு பேரச் சொல்லியே ஆரம்பி. வாய் பொல்லாதவ. எதையும் மூஞ்சிக்கு நேரா சொன்னவ, முதுவுக்குப் பின்னால பேசாதவ. பொட்டப்புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு மாமனார் குதிச்சப்ப, ரெண்டு பொண்ணையும் பள்ளிக்கொடத்துக்கு அனுப்பிட்டுத்தான் சோறு தின்னவ. கூலி நெல்லு அளக்கறப்ப மரக்காலுக்குள்ள கட்டவெரல வுட்டு அளவக் கொறைக்காதவ. அது உங்க ஆத்தா வாங்கின நெல்லு, உனக்கே தெரியும். அவ்ளோதான். தங்கரதம், முத்துப்பல்லக்கு ஒண்ணும் வேணாம்.

இன்னா, மரக்கால வெச்சு ராகம் வராதா? கனகாம்பா போடாத எலைக்கு வந்துச்சே!

அவசரம் இன்னான்னு கேக்கறியா? வெள்ளிக்கெழம வண்டி கட்டிகினு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போறோம். மார்ல கட்டி, அறுக்கணுமாம். அறுத்தா சரியாப்பூடும்னு டாக்டரு எங்க வூட்டுக்காரருக்குத் தமிழ்ல சொன்னாரு. அப்பறம் பக்கத்துல நின்ன நர்சுகிட்டத் திரும்பி, தாமதமா வந்துட்டாங்க, பொழைக்கறது கஷ்டம்னு பிரெஞ்சுல சொன்னாரு. இவருக்குப் புரியல. வர்ற வழியெல்லாம் கரும்பு வெட்டறதப் பத்தியே பேசிகினு வந்தாரு. நானும் சொல்லல.

தே, அழுவாத. அழுவச் சொல்லியா கூப்புட்டேன்? கண்ணத் தொட. யாருக்கும் கேக்காம, மெதுவா, ஒரே ஒரு வரி. சரியா இருக்கான்னு கேட்டுட்டுப் போறேன்.

பாடேன் காசம்மா.