சாருஜாவின்ர வெள்ளைச் செருப்பு

இரவு ரெண்டே முக்கால். லண்டனில குட்மேய்ஸ் தாண்டின பெரிய ரோட்டு. லொறியைத் தவிர ஒரு குருவி இல்லை...

பிள்ளையள், இந்த ஓய்வறைக் கதவைச் சாத்திப்போட்டுக் கிட்ட வாங்கோ, சொல்லுறன். ஜெஸ்ரின், உன்ர தமையன் நிரூபன்ர கதைதான். நான் பிழையாச் சொன்னால் நீயே திருத்து.

நிரூபன் குடும்பத்தை வாடகை வீட்டுக்காரன் எழும்பச் சொல்லிப்போட்டான். வேற வீடு கிடைக்குமட்டும் எண்டு கவுன்சில், இஞ்சத்த நகரசபைதான், அவையை அந்த ரோட்டோர மோட்டலில போட்டது. நிரூபன் ஹோட்டல் கேட்டவர். ரெண்டும் ஒண்டுதான் எண்டாளாம் கவுன்சில்காரி. ஒண்டோ? பதினாலு வருஷமா ஹோட்டலில அறை துப்பரவாக்கிறன், எனக்குத் தெரியாதோ! ஹோட்டலெண்டால் அறைக் கதவு கொரிடோருக்குத் திறக்கும். லிப்ட் இருக்கும். கீழ விடிய விடிய ஒரு ஆள் இருக்கும். மோட்டலில கதவைத் திறந்தால் கார் பார்க், அங்கால ரோட்டு. கேட்கப் பார்க்க ஆளில்லை. அறைக்குள்ள ஒரு கேத்தில், ரெண்டு கப், ஒரு சவுக்காரத் துண்டு... அவ்வளவுதான்.

மகள் சாருஜாவுக்கு நாலு வயசு. மனிசிக்கு வயசுபோன ஆக்களைப் பார்க்கிற கெயார் ஹோமில நைட் ஷிப்ட். பிள்ளை இரவில கதவைத் திறந்து ரோட்டுக்குப் போயிடுமோ எண்டு நிரூபனுக்கு ஒரே பயம். கதவுக்குச் சங்கிலி போட்டு, முன்னால சூட்கேசையும் வைச்சிட்டுத்தான் படுப்பார்.

அண்டைக்கு ஒரு சத்தம்.

டிங்...

லிப்ட் வந்து நிக்கிற சத்தம். மாடியே இல்லாத கட்டிடத்தில. பிறகு புதுக் காப்பெட் மணம். கையை நீட்டித் தடவினார். பக்கத்தில பிள்ளை இல்லை.

லைற்றைப் போட்டார். சங்கிலி போட்டபடி. சூட்கேஸ் வைச்சபடி. கட்டிலுக்குக் கீழ இல்லை, பாத்ரூமில இல்லை. சங்கிலியைக் கழட்டிக்கொண்டு வெளியில ஓடினார். பேரைச் சொல்லிக் கத்திக் கத்தி... லொறி மட்டும் போகுது. குளறிக்கொண்டு திரும்பி வந்தால், கட்டிலில இருக்கிறாள். காலை ஆட்டிக்கொண்டு.

எங்கையம்மா போனனீ எண்டு கேட்டார்.

"கொரிடோருக்கு. நிலம் குளிரும் எண்டு அன்ரி இது தந்தவ."

கால்ல வெள்ளைத் துணிச் செருப்பு. ஹோட்டலில குடுக்கிற செருப்பு. அந்த மோட்டலில சீப்புக்கூடக் குடுக்கிறேல்லை. அதைவிட... நான் எத்தினை ஆயிரம் சோடி அறைக்குள்ள வைச்சிருப்பன். எங்களுக்கு வாறது பெரியாக்களின்ர அளவு மட்டும்தான். இது பிள்ளையின்ர காலுக்கு அளவெடுத்துத் தைச்சிருந்தது.

நிரூபன் அதைக் கழட்டிக் குப்பையில எறிஞ்சுபோட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் விடியுமட்டும் காருக்குள்ள இருந்தவர். இப்ப அவை சட்டனில ஒரு பிளாட்டில. ரெண்டு வருஷமாச்சு. கடவுள் காப்பாத்தினார், பிறகு ஒண்டும் நடக்கேல்லை...

என்ன ஜெஸ்ரின், ஏன் தலையைக் குனியிறாய்? பிழையாச் சொல்லிப்போட்டனோ?

"துசியந்தி அக்கா... போன கிழமை அண்ணை கோல் எடுத்தவர். விடிய எழுப்பப் போகேக்க, பிள்ளையின்ர கால்ல திரும்பவும் வெள்ளைச் செருப்பாம். முந்தினதைவிட ஒரு அளவு பெரிசு. அவளுக்கு இப்ப ஆறு வயசுதானே."