தனியனுக்கு ஒரு மனைவி உண்டு

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் பத்திரிகை ஆசிரியர் பாக்கியசீலன் ஐயா அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே, 'தனியன்' என்ற பெயருக்காகவே இந்த அரங்கை நிறைத்திருக்கும் வாசகர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், நம் 'தனியன்' சிவசண்முகம் அவர்களைக் கட்டற்ற மனிதர் என்றார்கள். நாமும் அப்படித்தானே அறிந்திருந்தோம்? வள்ளியூர் வீட்டையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவர். ஜங்ஷன் லாட்ஜ் அறையில் குடியிருந்தவர். குடித்தவர், பாடியவர், நினைத்த ஊருக்குப் போனவர், நம் பத்திரிகையில் வாராவாரம் தன் பக்கத்தை எழுதியவர். "நான் சாத்திவிட்டு வந்த கதவை இனித் தட்ட மாட்டேன்." அவர் எழுதிய இந்த வரியை மனப்பாடமாகச் சொல்லத் தெரியாதவர் இங்கே யார்?

நண்பர்களே, அந்த வரிதான் அவரைச் சிறைவைத்தது.

நினைவு மலருக்காக அவருடைய வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்கும் வேலை எனக்கு வந்தது. "ஏலே எஸ்றா, அவரு எழுதினதையே எடுத்துப் போட்டுராத. நேர்ல போய் விசாரி" என்றார் ஆசிரியர். பிறந்த தேதியைக் கேட்கத்தான் வள்ளியூர் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி ஞானம்பாள் அம்மா.

"விட்டுட்டுப் போனது நெசந்தான். ஆனா மறுவருசமே என்னையத் தேடி வந்துட்டாவளே" என்றார்.

நான் திகைத்துப்போனேன். "பொறவு ஏம்மா இங்கன தங்கலை?"

"அதான் எழுதிட்டாவளே. 'என் எழுத்தப் படிச்சிட்டு வீட்டை விட்டு வந்தவன் இருக்கான் புள்ள, அவன்ட்ட நான் என்ன சொல்லுவேன்'னு கேப்பாவ. ஊருக்குத் தெரிஞ்சா பேப்பருக்குத் தெரிஞ்சிரும்னு அதுக்குப் பொறவு வீட்டுப் பக்கமே வரமாட்டாவ. திருச்செந்தூர் கோயில் கூட்டத்துலதான் பாத்துக்கிடுவோம்."

கட்டிய மனைவியைக் கள்ளத்தனமாகச் சந்தித்திருக்கிறார் நம் சுதந்திர மனிதர். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கடற்கரையில் அந்நியரைப் போலத் தள்ளி உட்கார்ந்து பேசியிருக்கிறார். ஒருமுறை ஒரு வாசகர் அடையாளம் கண்டு ஓடிவந்து, "தனியன் சார்தானே? கூட இருக்கது யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

"கோயிலுக்கு வந்தவங்க. யாருன்னு தெரியாது" என்றாராம் நம் தனியன்.

"நான் எந்திரிச்சு பைய நடந்துட்டேன்" என்றார் அம்மா. அந்த வாசகர் இந்த அரங்கிலும் இருக்கலாம். அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. அவர் நேசித்த எழுத்தாளரைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

உண்மையை எழுதிவிடுகிறேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்வாராம். எழுதவே இல்லை. லாட்ஜ் அறையில் அவர் இறந்த மறுநாள், 'உறவினர் எவருமில்லை' என்று நம் பத்திரிகை எழுதியது. அதைப் படித்துத்தான் அவருடைய மனைவிக்குச் செய்தி தெரிந்தது. ஆற்றங்கரையில் கொள்ளி வைத்து நாம் திரும்பிய பிறகுதான் அந்த அம்மா வந்து சேர்ந்தார்.

"இதைக் கூட்டத்துல சொல்லலாமாம்மா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. சாகுற வரைக்கும் நான் அவிய விட்டுட்டுப் போன பொண்டாட்டியாவே இருக்கணுமா?"

அவருடைய பக்கத்தை இனி நான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் பணித்திருக்கிறார். எழுதுகிறேன். முதல் வாரம் வாழ்க்கைக் குறிப்பு திருத்தப்படும். மனைவி ஞானம்பாள் என்று அச்சாகும். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நேற்று எழுதியதை இன்று மாற்றிச் சொல்ல எனக்கு இடம் கொடுங்கள். அந்த இடத்தை அவருக்கு நாம் கொடுக்கவே இல்லை.

ஞானம்பாள் அம்மா கடைசி வரிசையில் இருக்கிறார்கள். யாரும் கைதட்ட வேண்டாம். அவர்கள் முன்னால் வந்து கணவரின் படத்துக்குப் பூப்போட வேண்டும். கொஞ்சம் வழிவிடுங்கள்.