முதல் காட்டில் பிடித்த ஆறு

குழந்தைகள் விளையாடுகிற வீடியோ கேமை நாற்பத்தேழு வயதில் கற்றுக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. கண் கொஞ்சம் எரியும், கட்டைவிரல் மரத்துப்போகும், அவ்வளவுதான். பாத்திரக் கடையில் முப்பது வருஷம் நின்றவனுக்கு அதில் புதிதாக எதுவும் கிடையாது.

விளையாட்டு இதுதான். ஒரு சின்ன ஊர், அதில் ஒரு வீடு, வீட்டில் ஒரு அம்மா. ஊர்ப் பெரியவர் ஒருவர் மூன்று பிராணிகளைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார். அதைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் நடந்தால் காட்டுப் பிராணிகள் குறுக்கே வரும். சண்டை போட்டு, களைக்கவைத்து, ஒரு சிமிழை எறிந்து பிடிக்க வேண்டும். பிடித்ததும் பெயர் வைக்கச் சொல்லும். புல்வெளி முடிந்தால் முதல் காடு. காட்டின் கடைசியில் ஒரு காவல்காரன் நிற்பான். அவனை ஜெயித்தால்தான் அடுத்த ஊர். என் மகள் ஜூலியா அந்தக் காவல்காரன்வரை போகவில்லை. பத்து வயது.

கையடக்கமான அந்த மெஷினைப் பிறந்தநாளுக்கு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். விலை படியாமல் இரண்டு தடவை கடைப் படியிறங்கி நடந்து காட்டினேன். எங்கள் குடும்பம் சாத்தான்குளத்திலிருந்து டெல்லிக்கு வந்த பாத்திர வியாபாரக் குடும்பம். எங்கள் வீட்டில் பேரம் பேசாமல் ஞானஸ்நானம்கூட நடந்ததில்லை.

முதல் பிராணியை எடுக்கிற அன்று நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நெருப்புக் கீரிய எடும்மா. ஓடுற சரக்கு அதுதான்" என்றேன்.

"சுப் ரஹோ அப்பா. எனக்கு இந்த முள்ளெலிதான் வேணும். பேச்சாரா மாதிரி முழிக்குது."

"பாவமா முழிக்குதுன்னு சரக்கு எடுத்தா கடை என்னத்துக்கு ஆகும்?"

"இது துகான் இல்லப்பா."

பெயர் கேட்டது. தட்டில் இட்லி இருந்தது, 'இட்லி' என்று வைத்தாள். அடுத்து ஒரு பறவை மாட்டியது. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியைப் பார்த்து 'பங்கா' என்றாள். ஒரு ஓணானுக்கு 'சோஃபா'. எதிரில் எது இருக்கிறதோ அதுதான் பெயர். யோசிக்கிற வேலையே கிடையாது.

என் மனைவி அல்போன்சா நர்ஸ். அவள் சிரித்துவிட்டாள். "உன்னப் பெத்தப்ப என் எதிர்ல டிரிப் ஸ்டாண்டுதான் நின்னுச்சு. அதையே உனக்குப் பேரா வச்சிருக்கணும்."

பிடிக்கிற வித்தையை ஜூலியாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஓங்கி அடித்தால் செத்துப்போகும், பிடிக்க முடியாது. அடிக்காமல் விட்டாலும் சிமிழை உடைத்துக்கொண்டு ஓடிவிடும். குறைத்துக்கொண்டே வந்து, விழுகிறதற்கு ஒரு நூல் முன்னால் நிறுத்த வேண்டும். இதைத்தானேம்மா நான் கடையில் செய்கிறேன் என்றேன். விளையாட்டில் வருகிற அந்த வீடும் அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அதில் அம்மா மட்டும்தான் உண்டு. அப்பா எங்கே என்று கேட்டேன். "துகான் போயிருப்பாரு" என்றாள், தலை நிமிராமல்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. அந்த மாதத்தில் டெல்லியில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒருவருக்கு இருந்தது. வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம், தண்ணீராகக் கொடுங்கள் என்றார் டாக்டர். நாலு நாள் அல்போன்சா லீவு போட்டாள். ஐந்தாம் நாள் லீவு இல்லை என்றுவிட்டார்கள். வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி. அன்று காலை ஜூலியாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

அல்போன்சாவுக்கு நாகர்கோவில் பக்கம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "காய்ச்சல் விட்டுட்டுன்னு நெனைக்காண்டாம், கேட்டியளா? விடுற நாளுதான் பயம். வயிறு வலிக்குன்னு சொன்னாலோ, வாந்தி எடுத்தாலோ, கை கால் சில்லுன்னு ஆனாலோ ஒரு நிமிஷம் நிக்காண்டாம். ஆட்டோ புடிச்சு நேரே என் வார்டுக்குக் கொண்டு வந்துருங்க. இன்னைக்கு ஒரு நாள் கடைக்குப் போகாண்டாம்."

போகவில்லை என்றேன். நான் அன்று முழுவதும் குழந்தை பக்கத்திலேயே இருந்தேன் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். சாயங்காலம் தூக்கத்திலேயே அவள் உடம்பு சட்டென்று இறங்கிவிட்டது, என்ன செய்ய முடியும், கர்த்தருடைய சித்தம். கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் அப்படித்தான் ஜெபித்தார். நானும் ஆமென் சொன்னேன்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் அல்போன்சா முதல்முறையாக முழு வாக்கியம் ஒன்று பேசினாள்.

"அந்த கேம் எங்க? கடைசியா எதைப் புடிச்சா, என்ன பேரு வச்சான்னு நான் பாக்கணும்."

"சார்ஜ் இல்ல. சார்ஜர் கெட்டுப்போச்சு. வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

சார்ஜரில் ஒரு கோளாறும் இல்லை. அதையும் மெஷினையும் என் பையில் போட்டுக்கொண்டு, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸிலிருந்து கோல் மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் என் கடைக்குப் போனேன். தீபாவளி முடிந்த பாத்திரக் கடைக்கு ஈகூட வராது. பின்பக்கக் கிட்டங்கியில், அடுக்கிய குடங்களுக்கு நடுவில் உட்கார்ந்து மெஷினைத் திறந்தேன்.

அந்த விளையாட்டில் ஒரு நாட்குறிப்புப் பக்கம் உண்டு. எந்தப் பிராணியை எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் பிடித்தாய், என்ன பெயர் வைத்தாய் என்று அதுவாகவே எழுதிவைத்துக்கொள்ளும். அந்த ஒரு நாளில் ஜூலியா ஆறு பிடித்திருந்தாள். எல்லாம் முதல் காட்டில்.

பதினொன்று இருபதுக்கு நாரியல். கட்டில் பக்கத்தில் நான் வெட்டிவைத்துவிட்டுப் போன இளநீர் அது. ஒன்று ஐந்துக்குக் கம்பல். வேர்க்க வேண்டிய பிள்ளை கம்பளி தேடியிருக்கிறாள். இரண்டு பத்துக்குப் பால்டி. குளியலறை வாளியைக் கட்டிலுக்கு இழுத்து வந்திருக்கிறாள், எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றரைக்குப் பேட் தர்த். வயிற்று வலியைக் கண்ணால் பார்க்க முடியாதுதான், ஆனால் அப்போது அவளுக்கு எதிரில் அது மட்டும்தான் இருந்திருக்கும். ஐந்து மணிக்குத் தர்வாஜா. கதவு. ஐந்து ஐம்பதுக்கு ஃபர்ஷ். தரை.

நீங்களோ நானோ படித்தால் அது குழந்தை வைத்த பெயர்கள். ஒரு நர்ஸ் படித்தால் அது கேஸ் ஷீட்.

அன்று தன்தேரஸ். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வருகிற அந்த நாளில் இந்த ஊர்க்காரர்கள் ஒரு கரண்டியாவது வாங்காமல் வீட்டுக்குப் போகமாட்டார்கள். வடக்கே பாத்திரக் கடை வைத்திருப்பவனுக்கு வருஷம் என்பது அந்த ஒரு நாள்தான். காய்ச்சல் விட்டிருந்தது. பிள்ளை உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சட்டை மாட்டுவதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மாட்ட சொல்லிருவேன்."

"சொல்லாம இருக்க என்ன வேணும்?"

யோசித்தாள். எங்கள் ரத்தம். "அந்தக் காவல்காரன நாம ரெண்டு பேரும் சேர்ந்து அடிக்கணும். நீங்க வர்ற வரைக்கும் நான் காட்டுக்குள்ளயே இருப்பேன். எப்போ வருவீங்க?"

"மூணு மணிக்குள்ள."

"பக்கா?"

"பக்கா."

பெண் பிள்ளை தனியாக இருக்கிறாளே என்று வெளியே பூட்டினேன். டெல்லியில் எல்லாரும் செய்வதுதான். அவளிடம் போன் கிடையாது. பத்து வயதில் எதற்கு போன் என்பது என் கட்சி.

மூன்று மணிக்குக் கூட்டம் கடை வாசலைத் தாண்டி சந்து முனைவரை நின்றது. கடையில் என்னோடு இருபது வருஷமாக இருக்கும் ஜோதிலிங்கம், என்னைவிட மூத்தவர், மரியாதைக்கு என்னை அண்ணாச்சி என்பார்.

"அண்ணாச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னியளே. வீட்ல ஆளு இருக்கா? நீங்க போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"ஆளு இருக்கு" என்றேன்.

அல்போன்சா மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் கிட்டங்கிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பவன் எந்தக் குரலில் பேசுவானோ அந்தக் குரலில் பேசினேன். ஒன்றே காலுக்கு, இளநீர் குடிச்சா. மூன்றே முக்காலுக்கு, நல்லாத் தூங்குறா. ஐந்து மணிக்கு, இப்பத்தான் எழுந்தா, சிரிக்கிறா. முப்பது வருஷம் வியாபாரம் செய்தவனுக்குக் குரல் நடுங்காது.

ஏழரைக்குக் கதவைத் திறந்தேன். கதவு பாதிதான் திறந்தது. பின்னால் அவள் கிடந்தாள். கால் இரண்டும் சில்லென்று இருந்தன, மூச்சு மட்டும் இருந்தது. தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்தேன். வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். தரையைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் அல்போன்சாவுக்கு போன் செய்தேன். இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியில் டாக்டர், எத்தனை மணியிலிருந்து இப்படி என்று கேட்டார். அல்போன்சா பக்கத்தில் நின்றாள். அரை மணி நேரமாக என்றேன். அந்தக் கணக்கில்தான் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள். விடியும்போது முடிந்துவிட்டது.

இப்போது புரிந்திருக்கும், கிட்டங்கியில் மெஷினை வைத்துக்கொண்டு நான் ஏன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று. அல்போன்சாவிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆறுதல்: பிள்ளை வலி தெரியாமல், அப்பா பக்கத்தில் இருக்க, தூக்கத்தில் போனாள். அதையும் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு ஆட்டம்தான் சேமிக்க முடியும். புதிதாக ஆரம்பித்தால் பழையது அழிந்துவிடும். மெஷின் கேட்டது: நிச்சயமாகவா? ஆமாம் என்றேன். மறுபடி கேட்டது: திரும்பக் கிடைக்காது, நிச்சயமாகவா? நல்ல கடையில் ஒரு கேள்வியை இரண்டு தடவை கேட்கமாட்டார்கள். ஆமாம் என்றேன்.

பிறகு ஆரம்பத்திலிருந்து விளையாடினேன். மெஷினின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவைக்க முடியும், அதை முதலில் செய்தேன். பெரியவரிடம் போய் முள்ளெலியை எடுத்தேன். இட்லி, பங்கா, சோஃபா மூன்றும் அல்போன்சாவுக்குத் தெரியும், ஆகவே அவை வேண்டும். வாயால் சொல்லிக்கொடுத்த வித்தை கைக்கு வரவில்லை. முதல் காட்டில் ஒரு சின்னப் புழு வரும், பச்சையாக, உருண்டைக் கண்ணோடு. பாவம்போல நிற்கும். எனக்கு அடி ஓங்கி விழுந்துவிடும், அது செத்துப்போகும். நாற்பது, ஐம்பது செத்திருக்கும். கொல்லாமல் ஒன்றைப் பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

அந்தக் காடு சின்னக் காடு. குறுக்கே நடந்தால் இரண்டு நிமிஷத்தில் காவல்காரனிடம் போய்விடலாம். அவள் ஆறரை மணி நேரம் அதற்குள்ளேயே சுற்றியிருக்கிறாள், பேசிய பேச்சுக்காக. இது விளையாடிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்று குடங்களுக்கு நடுவில் நான் அழுதேன். ஜோதிலிங்கம் வெளியே நின்று, "அண்ணாச்சி, டீ வச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு பெயர் வைத்தேன், நான் போனில் சொன்னதற்கு ஒத்துவருகிற மாதிரி. நாரியலை அப்படியே விட்டேன், அது உண்மைதானே. அப்புறம் தகியா, தலையணை. கிட்கி, ஜன்னல். சூரஜ், சூரியன். அடுத்தது பிஸ்கட். ஐந்து மணிக்குப் பிடித்த ஆறாவது புழுவுக்கு 'அப்பா' என்று வைத்தேன்.

மூன்றாம் நாள் சார்ஜர் வாங்கிவிட்டேன் என்று சொல்லி மெஷினைக் கொடுத்தேன். அல்போன்சா ஒவ்வொரு பெயராகத் தடவிப் பார்த்தாள். 'பிஸ்கட்'டில் லேசாகச் சிரித்தாள். கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள். பிறகு என் தோளில் தலையை வைத்தாள்.

"உங்க மேல எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு. போன்ல உங்க குரலுக்குப் பின்னால பாத்திரம் உருள்ற சத்தம் கேட்ட மாதிரி. நீங்க கடைக்குப் போயிட்டீங்களோன்னு இத்தன நாளும்..." அவளால் முடிக்க முடியவில்லை. "மன்னிச்சிருங்க."

மன்னித்தேன்.

அவள் மறுபடி வேலைக்குப் போகிறாள். அவளுக்கு விளையாடத் தெரியாது, பெயர்களை மட்டும் பார்ப்பாள். அவ ஆட்டம் நிக்கக் கூடாது, நீங்க ஆடுங்க என்று என்னிடம் கொடுத்திருக்கிறாள். நான் இப்போது மத்தியானமே கடையை ஜோதிலிங்கத்திடம் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். காவல்காரனை ஜெயித்தாயிற்று. மூன்றாவது ஊரில் இருக்கிறோம். அந்தப் புழு கூடு கட்டி, இறக்கை முளைத்து, பெரிதாகியிருக்கிறது. ஒரு அடி பட்டால் உடனே மருந்து கொடுக்கிறேன். அதன் உடம்பு பாதிக்குக் கீழே இறங்க ஒருநாளும் விட்டதில்லை. தகப்பன் என்ற வகையில் என்மேல் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.